தேர்தல் முடிந்தது, ரைபிள் வரவில்லை

உட்காருங்கள் அண்ணே. அந்தப் பெஞ்சு ஆடும், இது ஆடாது. காலையிலிருந்து இரண்டிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

நீங்களும் துப்பாக்கியைத் திரும்ப வாங்கத்தானே வந்திருக்கிறீர்கள்? கையில் இருக்கும் ரசீதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒற்றைக்குழலா? பன்றிக்கா? அதுதானே பார்த்தேன். உங்களுக்கு இன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடித்தால் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் வைத்திருக்கிறவனுக்கு இது புதிதா என்ன. நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போன வாரம் வந்தேன். ஏட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சார், உங்களுதுக்கு ஒரு ஆட்சேபணை வந்திருக்கு. ஐயா விசாரிச்சுட்டுத்தான் தருவாரு."

ஆட்சேபணை. எனக்கு. யார் கொடுத்தது என்று கேட்டேன். அதைச் சொல்லக் கூடாதாம். இன்றைக்கு இன்ஸ்பெக்டர் முடிவு சொல்கிறார். கொடுத்தால் கொடுத்தது. இல்லையென்றால் கலெக்டருக்கு எழுதிவிடுவார். லைசென்ஸ் போகும். என் இரண்டு ரைபிளும் மதுரையில் ஏதாவது துப்பாக்கிக் கடைப் பெட்டிக்குள் போய்ச் சேரும், எண்ணெய் போட ஆளில்லாமல் அங்கேயே துருப்பிடிக்கும். அதற்குத்தான் காலையிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் பங்காருசாமி. மலையில் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம், கீழே மெயின் ரோட்டில் கடை. இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என்மீது ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். அப்படித்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எதையும் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை அண்ணே. படுத்தால் உடனே தூக்கம் வராது. அன்றைக்குப் பேசியதை எல்லாம் எடுத்துப் பார்ப்பேன். இவனிடம் அப்படிச் சொன்னது சரியா, அவனிடம் குரலை உயர்த்திவிட்டேனா, கூலி கேட்டவளிடம் சிடுசிடுத்தேனா என்று. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டும் இருக்கிறேன். அப்படிப்பட்டவன்மீது ஒருவன் ஆட்சேபணை கொடுக்கிறான் என்றால் நான் எங்கேயோ தவறியிருக்கிறேன். எங்கே என்றுதான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என்ன ரைபிளா? சொல்கிறேன். ஒன்று முதல் யுத்தத்து த்ரீ நாட் த்ரீ. நம் நாட்டிலேயே, இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. ராணுவக் குண்டு போடும் துப்பாக்கியைத் தனியார் வைத்திருக்கக் கூடாது, அதனால் யாரோ ஒரு காலத்தில் குழலைத் திருத்தி வேறு அளவாக்கி, லைசென்ஸுக்கு ஏற்றபடி செய்திருக்கிறார்கள். மற்றபடி கட்டை, பித்தளை, குண்டைத் தள்ளி ஏற்றும் போல்ட் எல்லாம் பழையது. இன்னொன்று அமெரிக்காக்காரன் அதே யுத்தத்துக்காகச் செய்தது. மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட் துரை விட்டுவிட்டுப் போனது, பல கை மாறி என்னிடம் வந்தது. மூன்றாவதாக ஒரு ஜெர்மன் ரைபிள் இருந்தது. ஒருவர் இரண்டுக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் மாற்றினார்களே, அப்போது அதைக் கொடுத்துவிட்டேன். அதைத் துணியில் சுற்றிக் காரில் வைத்தபோது எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்திருந்தாள். என் மனைவி, ரெங்கநாயகி. என்னைத் தேற்றுவதற்காக வைத்திருக்கிறாள் என்று நினைத்து இரண்டு டம்ளர் குடித்தேன்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்கிறீர்கள். பரவாயில்லை, எல்லோரும் கேட்பதுதான். நானே கேட்டுக்கொள்வேன். நான் ஒரு உயிரைச் சுட்டதில்லை. பன்றி வந்தால் தோட்டத்துக்காரனை வேட்டுப் போடச் சொல்வேனே ஒழிய நான் எடுத்ததில்லை. சண்டைக்குப் போகாதவன் சண்டைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான்? உண்மையைச் சொன்னால், அதைத் தோளில் வைத்துக் கன்னத்தை அந்தக் கட்டையில் பதிக்கும்போது எனக்கு எல்லாம் அடங்கிப்போகும். கடை, கடன், தோட்டத்தில் காய் அழுகியது, யார் என்ன சொன்னான், ஒன்றும் இருக்காது. குழல் நுனியில் இருக்கும் முன்குறி மட்டும் தெரியும். எந்த ஊர்ச் சிப்பாயோ இதே இடத்தில் கன்னம் வைத்திருக்கிறான், அவன் பிழைத்தானா தெரியாது. அந்தக் கட்டை அப்படி வழுவழுவென்று இருக்கும். நீங்கள் சாமி கும்பிடும்போது இருக்குமே, அப்படி.

அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜைமேல் போர்வையை விரித்து இரண்டையும் வைத்துத் துடைப்பேன். கயிற்றில் துணி கட்டிக் குழலுக்குள் இழுத்து, எண்ணெய் போட்டு, அதன் பிறகு கொஞ்சம் குறி பார்ப்பேன். காலித் துப்பாக்கிதான். தோட்டா பீரோவுக்குள் பூட்டி இருக்கும், சாவி என் இடுப்பில். திறந்து பார்ப்பேன், விரலை விட்டுப் பார்ப்பேன், மறுபடி பார்ப்பேன். என் வாழ்நாளில் வீட்டுக்குள் ஒரு தோட்டா குழலில் ஏறியதில்லை. காலித் துப்பாக்கி என்பது வெறும் இரும்புக் குழாய் அண்ணே. இதை யாரிடமும் சத்தியம் செய்வேன்.

எங்கள் வீடு பழைய மாதிரி, நீளமான வீடு. ஹாலில் நின்றால் நடையைத் தாண்டி அடுப்படி வாசல் வரை ஒரே நேர்க்கோடு. அடுப்படி வாசல் பக்கத்தில் தினசரி காலண்டர் தொங்கும். ஹாலில் முழங்காலிட்டு அந்தத் தேதியைக் குறி பார்ப்பேன். ஊரில் இதைவிட வசதியான இடம் வேறு எங்கே கிடைக்கும்? மாடியில் நின்றால் தெருவே பார்க்கும். அது சரியில்லை. நான் பிறருக்குத் தொந்தரவு கொடுக்கிறவன் இல்லை.

ராணுவ ரைபிளில் விசை இரண்டு கட்டமாக வரும். முதல் இழுப்பு லேசாக வரும், பிறகு ஒரு தடை, அங்கே மூச்சை நிறுத்தி மெல்ல இரண்டாவது இழுப்பு. முதல் இழுப்பு எடுத்துவிட்டால் முடிக்க வேண்டும். பாதியில் விடக் கூடாது. விட்டுப் பழகினால் கை கெட்டுவிடும். இதெல்லாம் ஒரு ஒழுக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் ஹேமா அப்போது காலேஜ், லீவுக்கு வந்திருந்தாள். நான் முதல் இழுப்பு எடுத்துவிட்டேன். அவள் அடுப்படியிலிருந்து தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்து நின்றுவிட்டாள். நினைத்திருந்தால் நகர்ந்திருக்கலாம். வாசல் அகலமான வாசல். ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டாள். காலண்டர் அவள் தோளுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம். நான் காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளை இல்லை. முடித்தேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செம்பைப் போட்டுவிட்டாள். தண்ணீர் ஹால் வரைக்கும் ஓடிவந்து போர்வையை நனைத்து, கீழே வைத்திருந்த அமெரிக்கன் ரைபிளின் கட்டை ஈரமாகிவிட்டது. பழைய வால்நட் மரம், ஈரம் பட்டால் ஊதும். எனக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. சத்தம் போட்டேன். அன்றைக்கே, படுத்த பிறகு, யோசித்தேன். மறுநாள் கூப்பிட்டுச் சொன்னேன்: "தண்ணி கொட்டுனதுக்கு அப்பா அவ்வளவு கத்தியிருக்கக் கூடாதும்மா." அவள் சரிப்பா என்றாள். அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகுதான் ரெங்கநாயகிக்கு அந்தப் பழக்கம் வந்தது. அடுப்படியிலிருந்து வெளியே வருவதற்கு முன்னால் "வர்றேன்" என்று ஒரு குரல் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, எல்லா நாளும். காபி கொண்டுவந்தாலும் வர்றேன், போன் அடித்தாலும் வர்றேன். நான் கடையில் இருக்கும்போதுகூடச் சொல்வாள் என்று வேலைக்காரி ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். கேட்கிறதற்கு நன்றாக இருக்கும் அண்ணே. வீட்டுக்கு ஒரு மணி கட்டின மாதிரி. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது உண்டா? இல்லையா? துப்பாக்கி மாட்டுக்கொட்டத்தில் தொங்குகிறதா? வீட்டுக்குள் கொண்டுவந்தால் நீயும் அங்கேயே படு என்பார்களா? நல்ல அம்மாதான் உங்கள் வீட்டம்மா. சிரிக்காதீர்கள், ஏட்டு பார்க்கிறார்.

மார்ச் மாதம் இரண்டையும் இங்கே ஒப்படைத்தேன். மேஜை வெறுமையாக இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆனால் என்ன ஆச்சரியம் என்றால், இந்தக் கோடைக்கு ஹேமா வந்தாள். கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். வந்தால் அவள் மாமன் வீட்டில்தான் தங்குவாள், லோகநாதன் வீட்டில். அவன் என் மனைவிக்குத் தம்பி. நம் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டுப் போய்விடுவாள். கேட்டால், மாமா வீட்டில் ஏசி இருக்கிறது, பாப்பாவுக்கு வேர்க்குரு வருகிறது என்பாள். இந்த வருடம் பெட்டியோடு நம் வீட்டுக்கே வந்தாள். ஓசூரில் தண்ணீர்க் கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஏசி இல்லாமலேயே இருந்தாள். மூன்று வயதுப் பேத்தி அந்த நடையில் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்தாள். அடுப்படியிலிருந்து ஹாலுக்கு, ஹாலிலிருந்து அடுப்படிக்கு. ரெங்கநாயகி சத்தமாகச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. வயதானால் பெண்களுக்கு ஒரு கலகலப்பு வருமாம், யாரோ சொன்னார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. ஒருநாள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கினால் பக்கத்தில் ரெங்கநாயகி நிற்கிறாள், காபியோடு. தூக்கிவாரிப் போட்டது. வர்றேன் என்று சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் பல நாளாகவே சொல்லவில்லை. "என்ன, சத்தமே காணோம்?" என்றேன். "எதுக்குச் சத்தம்?" என்றாள். உடம்பு சரியில்லையோ என்று எனக்குக் கவலையாகக்கூட இருந்தது.

ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் ஹேமா புறப்பட்டுவிட்டாள். இன்னும் பத்து நாள் இருப்பதாகத்தான் பேச்சு. மாப்பிள்ளை கூப்பிட்டாராம். அன்றைக்குச் சாயங்காலம் ரெங்கநாயகி என்னிடம் கேட்டாள்: "அதை அங்கயே வச்சிருக்கச் சொல்ல முடியாதா?" நான் பொறுமையாகச் சொன்னேன். ஸ்டேஷனில் எப்படி வைத்திருப்பார்கள், சுவரில் சாத்தி வைத்திருப்பார்கள், எண்ணெய் போடமாட்டார்கள், மழை வந்தால் ஈரம் இறங்கும் என்று எல்லாம் விவரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டு கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகுதான் இந்த ஆட்சேபணை.

முதலில் எனக்குத் தவமணிமேல்தான் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரன். சுற்றுச்சுவர் கட்டியபோது அவனுக்கும் எனக்கும் ஒரு வாய்த்தகராறு. நேரே அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். நீதானா என்று கேட்டேன். அவன் பல் குத்திக்கொண்டே சொன்னான்: "உங்க துப்பாக்கி மேல எனக்கென்னண்ணே விரோதம்? எங்க வீடு உங்க காலண்டருக்கு நேரா இல்லையே." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவன் சொன்னதில் ஆத்திரம் இல்லை அண்ணே, என் வீட்டுக் காலண்டர் எங்கே தொங்குகிறது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? வேலைக்காரி போய்ச் சொல்லியிருப்பாள். அவளை வேலையை விட்டு நிறுத்தும்படி ரெங்கநாயகியிடம் சொன்னேன்.

அடுத்தது லோகநாதன். மச்சினன்தான், ஆனால் என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டான். வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று அக்காவோடு பேசிவிட்டுப் போவான். ஏன் உள்ளே வர மாட்டேன் என்கிறான் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கல்யாணத்தில் அவனுக்குச் சரியாகத் துணி எடுக்கவில்லை என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதுவாக இருக்கலாம்.

இப்படி ஒவ்வொருவராக நான் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டே வருவேன். இவனா, அவனா. ரெங்கநாயகி பரிமாறிக்கொண்டிருப்பாள். நேற்று மத்தியானம் சொன்னேன், நாளைக்குப் போனால் யார் என்று தெரிந்துவிடும், தெரியட்டும் என்று. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

நீங்கள் என் முகத்தைப் பாருங்கள் அண்ணே. நான் என்ன செய்துவிடப் போகிறேன்? நான் அடிக்கிற ஆளா? அவள் என்னோடு வாழ ஆரம்பித்து முப்பது வருடம் ஆகப்போகிறது, ஒருநாள் கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. என்னைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி. அதுவும் அவள் கேட்டவிதம். ஏதோ விலை கேட்பதுபோல, தெரிந்துகொண்டால் அதற்கு ஏற்றமாதிரி நடக்கலாம் என்பதுபோல. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என்ன செய்வேன் என்று உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. அது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

இன்று காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். ஓசூருக்குப் போகிறாளாம், ஹேமாவுக்கு முடியவில்லையாம். நான் ஸ்டேஷனுக்குப் போகிற நாளில் இப்படி. லோகநாதன் காரோடு வந்து ஹாரன் அடித்தான், போய்விட்டாள். போகிறவள் ஒரு வார்த்தை, நல்லபடியாக முடியட்டும் என்று சொல்லியிருக்கலாம்.

ஜீப் சத்தம் கேட்கிறதா? ஆமாம், இன்ஸ்பெக்டர்தான். எழுந்து நில்லுங்கள்.

என்னைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். போய்விட்டு வருகிறேன் அண்ணே. இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

•

இன்னும் இருக்கிறீர்களா. நல்லது. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

கொடுக்கச் சொல்லிவிட்டார். ஆமாம், இரண்டையும். உள்ளறையைத் திறந்து எடுத்துக்கொண்டுவர ஏட்டு போயிருக்கிறார். நான் ஜெயித்துவிட்டேன்.

தண்ணீர் இருக்கிறதா உங்களிடம்? கொடுங்கள்.

உள்ளே போனேன். ரெங்கநாயகி உட்கார்ந்திருக்கிறாள். இன்ஸ்பெக்டர் மேஜைக்கு முன்னால், நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் லோகநாதன் நிற்கிறான். எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா, காலையில் நான் பிரஷர் மாத்திரை போட மறந்துவிட்டேன், அதைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று. "எங்கே மாத்திரை?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். லோகநாதன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

காலையிலிருந்தே அந்தப் பக்கம் பெண்கள் உதவி அறையில் உட்கார்ந்திருந்தார்களாம். நான் இங்கே, அவள் அங்கே.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டார். அடிப்பாரா அம்மா? இல்லை. குடிப்பாரா? இல்லை. சுட்டுருவேன் கிட்டுருவேன்னு ஏதாவது மிரட்டினாரா? இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பொய் சொல்கிறவள் இல்லை அவள். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்புறம் என்னதாம்மா?"

"இந்த மூணு மாசமும் நான் என் வீட்டுல நடந்தேன் சார்," என்றாள்.

அவ்வளவுதான். அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அதற்கு முன்னால் பறந்தாளா? நடக்க வேண்டாம் என்று யார் சொன்னது? நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார், சட்டப்படி இது நிற்காது சார், ஆனா வீட்டம்மா இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்காங்க, நீங்களா ஒரு வார்த்தை சொன்னா ரெண்டையும் மதுரைக் கடைக்கு அனுப்பிடலாம், உங்களுக்கும் நிம்மதி என்று. என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசித்தேன். நான் யோசிக்காமல் ஒன்றும் சொல்வதில்லை. அவள் பக்கம் நின்று யோசித்தேன், என் பக்கம் நின்று யோசித்தேன். மனதில் இருந்ததைச் சொன்னேன்: "அவளுக்கு மக இருக்கா, பேத்தி இருக்கா. எனக்கு இது ரெண்டுதான் சார்."

இதில் என்ன தவறு சொல்லுங்கள். உள்ளதைத்தானே சொன்னேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை. பஸ்ஸில் வந்து உட்கார்ந்த ஆளைப் பார்க்கிறமாதிரி ஒரு பார்வை. பிறகு அவரிடம் சொன்னாள்: "குடுத்துருங்க சார். அவருக்கு அது வேணும்."

கேட்டீர்களா? அவளே சொன்னாள். நான் கெஞ்சவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. ஆட்சேபணை கொடுத்தவளே கொடுத்துவிடுங்கள் என்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகு என்னைப் புரிந்துகொண்டாள் என்றுதானே அர்த்தம்?

வெளியே வரும்போது நடையில் நின்று வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள். அந்தச் சாவியை அவள் யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் துஷ்டிக்குப் போனாலும் அவள் முந்தானையில்தான் இருக்கும், நான் கதவைத் தட்டித்தான் உள்ளே போவேன். "மாவு ஃப்ரிட்ஜுல இருக்கு. மாத்திரை மேல்தட்டுல," என்றாள். "பால்காரர்கிட்ட இனிமே அரை லிட்டர் போதும்னு சொல்லிட்டேன்." எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் ஏட்டு கையெழுத்துக்குக் கூப்பிட்டார்.

அரை லிட்டர்.

நாலு நாளைக்குப் போகிறவள் பால்காரனிடம் சொல்வாளா அண்ணே? இனிமேல் என்று வேறு சொல்வாளா?

அதோ, கேட்டுக்கு வெளியே, புளியமரத்தடியில் வெள்ளைக் கார். அவள்தான். இன்னும் புறப்படவில்லை. லோகநாதன் கீழே இறங்கி நின்று இந்தப் பக்கம் பார்க்கிறான். எதற்காக நிற்கிறார்கள்? எனக்காகவா? போய்ப் பேசு என்கிறீர்களா? போகிறேன். போகாமல் எப்படி. போய், ரெங்கநாயகி, ஹேமாவைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் வந்துவிடு என்று சொல்ல வேண்டும். இல்லை, என்ன சொல்வது? நடந்தேன் என்றால் என்ன என்று கேட்க வேண்டும். ஆமாம். அதை முதலில் கேட்க வேண்டும்.

ஏட்டு வந்துவிட்டார். பாருங்கள், எப்படித் தூக்கிக்கொண்டு வருகிறார், விறகுக்கட்டு மாதிரி. மெதுவாக ஏட்டையா, மெதுவாக. இந்தப் பெஞ்சுமேல் வையுங்கள். அண்ணே, கொஞ்சம் எழுந்துகொள்ளுங்கள்.

ஒரு நிமிடம். இதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன். பார்க்காமல் வாங்கிக்கொண்டால் பிறகு ஒன்றும் கேட்க முடியாது. போல்ட்டில் ஒரு எண் வெட்டியிருக்கும், உடம்பில் ஒரு எண் வெட்டியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அது அது. இங்கே பத்துப் பேர் துப்பாக்கியைக் குவித்து வைத்திருந்தார்கள், எவனாவது ஒரு போல்ட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டியிருந்தால் எல்லாம் போயிற்று. கண்ணாடி எங்கே? பையில் இருக்கும், எடுங்கள்.

துருவா இது? இல்லை, புழுதி. கட்டை வறண்டு போயிருக்கிறது. மூன்று மாதம் எண்ணெய் இல்லாமல் பாவம். ஒன்று, எட்டு, எட்டு... இது மூன்றா எட்டா? எட்டு. சரி. இஷாப்பூர் சரியாக இருக்கிறது.

ஹாரன் அடிக்கிறதா? லோகநாதன்தான். அவன் எப்போதும் அவசரப்படுவான். இருக்கச் சொல்லுங்கள் அண்ணே, கையைக் காட்டுங்கள், இதோ இன்னும் ஒன்றுதான் பாக்கி. அமெரிக்கனைப் பார்த்துவிட்டால் முடிந்தது. ஏட்டையா, கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் பிடியுங்கள். இன்னும் கொஞ்சம். அப்படியே. அசையாதீர்கள்.

சரியாக இருக்கிறது. இதுவும் சரியாக இருக்கிறது. ஒரு கீறல் இல்லை அண்ணே, கொடுத்தது கொடுத்தபடி இருக்கிறது.

எங்கே கார்?

இப்போது நின்றதே. நீங்கள் அந்தப் பக்கம்தானே பார்த்துக்கொண்டு நின்றீர்கள், புறப்படும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

சொன்னீர்களா?

எனக்குக் கேட்கவில்லையே.